பிரேசில் கடற்கரையில் மூன்று வாரம்: எந்தக் கரையைத் தேர்வது?

பிரேசிலின் அட்லாண்டிக் கடற்கரை ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர் நீளமுடையது. கையில் மூன்று வார விடுப்பும் தோளில் ஒரு முதுகுப்பையும் வைத்துக்கொண்டு, பேருந்திலும் படகிலுமாக அந்தக் கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அதில் பெரும்பகுதியை மனத்திலிருந்து அகற்றிவிடுவதுதான். ரியோ டி ஜெனீரோவிலிருந்து சால்வடோருக்குப் பேருந்தில் போனால் ஒரு நாளுக்கு மேல் இருக்கையிலேயே கழியும். சால்வடோரிலிருந்து ஃபோர்த்தலேசாவுக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அந்த நீண்ட வழியின் பெரும்பகுதியில் நெடுஞ்சாலை கடலை விட்டு உள்ளே தள்ளிப் போவதால், கடற்கரைப் பயணம் என்று கிளம்பியவர் மணிக்கணக்கில் கரும்புத் தோட்டங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். எனவே ஒரு துண்டுக் கரையைத் தேர்ந்தெடுத்து அதில் நிதானமாக நகர்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. எந்தத் துண்டு என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படகைப் பற்றிய ஒரு தவறான எதிர்பார்ப்பையும் தொடக்கத்திலேயே களைய வேண்டும். ஊர் ஊராகக் கரையோரம் செல்லும் பயணிகள் கப்பல் எதுவும் பிரேசிலில் இன்று இல்லை. 1941-இல் ஃபோர்த்தலேசா மீனவர் நால்வர், தங்கள் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்பதற்காக, பாய்மரக் கட்டுமரம் ஒன்றில் 61 நாள் கடலில் சென்று அப்போதைய தலைநகரான ரியோவை அடைந்து குடியரசுத் தலைவர் வர்காஸைச் சந்தித்தனர். கரை முழுவதையும் கடல்வழியே கடப்பது எத்தகைய காரியம் என்பதற்கு அதுவே அளவுகோல். இன்றைய பயணிக்குக் கிடைப்பவை விரிகுடாவைக் கடக்கும் பெரும்படகு, தீவுக்குப் போகும் விசைப்படகு, கழிமுகத்தில் ஓடும் ஆற்றுப்படகு, ஆற்றின் குறுக்கே துடுப்பு போடும் தோணி ஆகியவைதாம். ஆகவே, எந்தக் கரையில் படகு உல்லாசச் சவாரியாக இல்லாமல் ஊர்மக்களின் போக்குவரத்தாகவே இருக்கிறது என்பதை என் முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இந்த நோக்கில் மூன்று துண்டுகள் தேறுகின்றன. முதலாவது, சாவோ பாவுலோவுக்கும் ரியோவுக்கும் இடைப்பட்ட ‘பச்சைக் கரை’. இரண்டாவது, பாயீயா மாநிலத்தில் சால்வடோரிலிருந்து தெற்கே கராயீவா வரை செல்லும் கரை. மூன்றாவது, ஃபோர்த்தலேசாவிலிருந்து மேற்கே சாவோ லூயிஸ் வரை மணற்குன்றுகள் நிறைந்த வடகரை. இவற்றுக்கும் தெற்கே பரனா மாநிலத்தின் இல்யா டோ மெல் தீவு அழகானது. வாகனங்களுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர் உண்டு என்பதாலும், அந்த ஒரு தீவைத் தாண்டினால் இந்தப் பயணத்துக்கு ஏற்ற படகுவழிகள் குறைவு என்பதாலும் அதை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

பச்சைக் கரையின் பெரிய வசதி, அது விமான நிலையத்துக்கு அருகில் இருப்பது. இந்தியாவிலிருந்து துபாய், தோகா அல்லது அடிஸ் அபாபா வழியாக வருபவர்களில் பெரும்பாலோர் சாவோ பாவுலோவில்தான் இறங்குகிறார்கள். அங்கே டியெட்டே பேருந்து நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் பராட்டி வந்துவிடும். பராட்டியிலிருந்து ஆங்ரா, அங்கிருந்து இல்யா கிராண்டே தீவு, திரும்பிக் கரையேறி ரியோ என்று இடையில் உள்நாட்டு விமானமே இல்லாமல் பயணத்தை முடித்துக்கொள்ளலாம். இந்தப் பகுதியில் மட்டும் நெடுஞ்சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து செல்வதால், பகலில் பேருந்தில் போவதே காண வேண்டிய காட்சியாகிவிடுகிறது.

பராட்டி 18-ஆம் நூற்றாண்டில் மினாஸ் மலைகளிலிருந்து வந்த தங்கம் கப்பலேறிய துறைமுகம். தங்கத்துக்கு வேறு வழி கண்ட பிறகு ஊர் மறக்கப்பட்டது. 1970-களில் கடலோர நெடுஞ்சாலை வரும்வரை ஒதுங்கியே கிடந்ததால், அதன் வெள்ளைச் சுவர் வீடுகளும் ஒழுங்கற்ற கற்கள் பாவிய தெருக்களும் அப்படியே தங்கிவிட்டன. முழுநிலவு, அமாவாசை நாள்களில் கடலேற்றத்தின்போது துறையை அடுத்த தெருக்களில் நீர் புகுந்து வடியும். அதற்கு இடம் கொடுத்தே தெருக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பராட்டியும் இல்யா கிராண்டேயும் சேர்ந்து 2019-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாயின. இல்யா கிராண்டேயில் சுற்றுலாவினரின் வாகனங்கள் கிடையாது. 1994 வரை அங்கே ஒரு சிறைச்சாலை இயங்கியதும் காடு அழியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் என்பர். ஆங்ராவிலிருந்து மெதுவாகச் செல்லும் பொதுப் படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், கொன்செய்சாவ் டி ஜகரேயி என்ற சிற்றூரிலிருந்து விரைவுப் படகில் இருபது நிமிடம் போலவும் ஆகும். அப்ராவோ என்ற தீவின் முதன்மை ஊரில் தங்கி, எண்ணிட்ட காட்டுப்பாதைகளில் நடந்து அடுத்தடுத்த கடற்கரைகளை அடைவதே அங்கே செய்ய வேண்டியது.

இந்தக் கரையின் குறைகள் இரண்டு. முதலாவது மழை. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று செங்குத்தான மலைத்தொடரில் மோதுவதால், டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை மலைச்சரிவுகளையே பெயர்த்துவிடுவதுண்டு. 2010 புத்தாண்டு நாளில் இல்யா கிராண்டேயிலும், 2023 பிப்ரவரியில் திருவிழா விடுமுறையின்போது சாவோ செபாஸ்டியாவோ பகுதியிலும் நேர்ந்த நிலச்சரிவுகளில் பலர் உயிரிழந்தனர், சாலையும் அடைபட்டது. தென்கோளத்தின் கோடையான இந்த மாதங்களில் இங்கே போகத்தான் வேண்டும் என்றால், மழை எச்சரிக்கை வரும் நாளில் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் மனத்துடன் போக வேண்டும். இரண்டாவது குறை, இரு பெருநகரங்களின் வார இறுதிக் கூட்டம் முழுவதும் இங்கேதான் வந்து சேர்கிறது என்பது. தவிர, பராட்டித் துறையில் வரிசையாக நிற்கும் வண்ணப் படகுகள் பெரும்பாலும் அன்றாடச் சுற்றுலாவுக்கானவை. காலையில் கொண்டுபோய் மாலையில் அதே துறையில் இறக்கிவிடுவார்கள். படகேறி அடுத்த ஊருக்குப் போகும் நிறைவு இல்யா கிராண்டேக்குப் போய் வரும்போது மட்டுமே கிடைக்கிறது. என் கணக்கில் இந்தக் கரை பத்து நாளுக்கு நிறைவானது. மூன்று வாரத்துக்குப் போதாது.

வடகரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது தமிழரை நிறுத்திவைக்கும் சொல் ஒன்று குறுக்கிடுகிறது. ஃபோர்த்தலேசாவைத் தலைநகராகக் கொண்ட சியரா மாநிலத்து மீனவர்கள் தங்கள் கட்டுமரத்தை ‘ஜங்காடா’ என்கிறார்கள். இரட்டைத் தோணியைக் குறிக்கும் நம் ‘சங்கடம்’, மலையாளத்தின் ‘சங்ஙாடம்’ ஆகியவற்றைப் போர்த்துகீசியர் கேட்டு, தம் நாவுக்கேற்ப மாற்றி, பிரேசிலில் கண்ட மிதவைக்குச் சூட்டிய பெயர் அது. 1881-இல் ஃபோர்த்தலேசாவில் இந்த ஜங்காடாக்காரர்கள்தான், அடிமைகளைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றிச் செல்ல மாட்டோம் என்று மறுத்தார்கள். சியரா 1884-இல், நாடு முழுவதும் அடிமை முறை ஒழிவதற்கு நான்கு ஆண்டு முன்பே, அதைக் கைவிட்டது. ஃபோர்த்தலேசாவில் ஒரு மாலை இருக்க நேர்ந்தால், மீன்பிடித் துறையில் அந்த மிதவைகள் கரையேறுவதைப் பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும்.

வடகரை வழி இப்படிச் செல்கிறது. ஃபோர்த்தலேசாவிலிருந்து ஜிஜோகாவுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பேருந்து. அங்கிருந்து பின்புறம் திறந்த வண்டியில் மணலின் மீது ஜெரிகோவாக்கோவாரா என்ற ஊருக்கு. பிறகு கமோசிம் வழியாகப் பர்னயீபா. அங்கே பர்னயீபா ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் கலக்கும் டெல்டாவில், அலையாத்திக் காடுகளுக்கிடையே படகு. மாலையில் செந்நிற அரிவாள் மூக்கன்கள் கூட்டமாக வந்து மரங்களில் அடைவது அந்த டெல்டாவின் பெருங்காட்சி. அடுத்து துத்தோயா, பரேரீனியாஸ்; அங்கிருந்து ப்ரெகிசாஸ் ஆற்றில் படகேறி, மணற்குன்றுகளையும் மன்டகாரு கலங்கரை விளக்கத்தையும் கடந்து, ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள அட்டின்ஸ் சிற்றூர். அதன் பின்னால் விரிவதுதான் லென்சோய்ஸ் மரனியென்சஸ் தேசியப் பூங்கா. 1981-இல் அமைக்கப்பட்ட அது ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2024-இல் உலக மரபிடமாயிற்று. ‘லென்சோய்ஸ்’ என்றால் படுக்கை விரிப்புகள் என்று பொருள். ஆண்டின் முதற்பாதியில் பெய்யும் மழைநீர் வெண்மணல் குன்றுகளின் இடைப் பள்ளங்களில் தேங்கி ஆயிரக்கணக்கான நன்னீர்க் குளங்களாகிறது. வழிகாட்டியோடு மூன்று நாள் நடந்து, நடுவிலுள்ள பாலைச்சோலைக் குடியிருப்புகளில் தூளி கட்டி உறங்கி, மறுபுறம் சான்டோ அமரோவில் இறங்கலாம். என்னைக் கேட்டால், பிரேசில் கடற்கரை முழுவதிலும் இதற்கு இணையான நடைப்பயணம் வேறில்லை.

ஆனால் மேலே சொன்ன வழியில் ஜெரிகோவாக்கோவாராவுக்கும் பரேரீனியாஸுக்கும் இடையில் வழக்கமான பேருந்துகள் குறைவு. பெரும்பாலோர் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியைப் பங்கிட்டு வாடகைக்கு எடுக்கிறார்கள். டெல்டாப் படகும் பல நாள் தனியாகவோ குழுவாகவோ பேசி அமர்த்த வேண்டியதாகிறது. தனியாக வருகிறவருக்கு இது செலவைப் பெருக்கும். பங்காளி கிடைக்கும்வரை ஓரிரு நாள் காத்திருக்கவும் நேரும். நான்கு பேர் சேர்ந்து போகும் குழுவுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. மாதமும் இங்கே கறாரானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குளங்கள் நிறைந்திருக்கும். நவம்பரில் போனால் பெரும்பாலானவை வற்றியிருக்கும். அதற்காகவே அத்தனை தொலைவு போனவர் வெறும் மணலைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். பயணத்தின் கடைசி ஊரான சாவோ லூயிஸுக்கு ஜூன் மாத இறுதியில் வந்து சேர்ந்தால், தெருவெங்கும் ‘பும்பா மெவு போய்’ என்ற காளைக் கூத்து நடந்துகொண்டிருக்கும். எதிர்க்கரையில் இடிந்த மாளிகைகளோடு நிற்கும் அல்கான்தராவுக்குப் படகு உண்டு. அங்கே கடலேற்றமும் வற்றமும் ஆறேழு மீட்டர் வரை வேறுபடுவதால், படகு புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். முந்திய நாளே துறைக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும்.

பாயீயாவில் பேருந்தும் படகும் ஒன்றுக்கொன்று இணைந்து, ஊர்மக்களின் தேவையிலிருந்து வளர்ந்தவை. சால்வடோரின் சாவோ ஜோவாகிம் துறையில் பெரும்படகு ஏறினால், ‘அனைத்துப் புனிதர் விரிகுடா’வைக் கடந்து ஒரு மணி நேரத்தில் இட்டாபரிக்கா தீவின் போம் டெஸ்பாச்சோ துறை. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், மூட்டைகள், கோழிக்கூடைகள், கார்கள் எல்லாம் அதே படகில். இறங்கிய துறையின் வாசலிலேயே பேருந்து நிலையம். இரண்டு மணி நேரத்தில் வலென்சா. அங்கே ஆற்றங்கரைத் துறையில் மீண்டும் படகு. மெதுவான படகில் ஒன்றரை மணி நேரம், விரைவுப் படகில் அதில் பாதி, அலையாத்திக் காடு சூழ்ந்த அமைதியான நீர்வழியில் சென்று மோரோ டி சாவோ பாவுலோ என்ற தீவு ஊரில் இறங்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் துறையில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கலாம். முன்பதிவு, முகவர் எதுவும் வேண்டாம். விரிகுடாவின் குறுக்கே 12 கிலோமீட்டருக்கும் நீளமான பாலம் ஒன்று கட்டும் திட்டம் இருக்கிறது. அது எழுந்தால் இந்தப் பெரும்படகின் நிலை மாறிவிடும் என்பதால், இந்த வழியை விரைவில் சென்று பார்ப்பது நல்லது.

சால்வடோரிலிருந்து மோரோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேலாகும் நேரடிக் கட்டமரான் படகும் உண்டு. பலர் அதைத்தான் பரிந்துரைப்பார்கள், நான் மாட்டேன். அது திறந்த கடலில் போகிறது. தெற்குக் காற்று வீசும் மாதங்களில் படகு கடுமையாக ஆடும், வாந்தி எடுக்காமல் இறங்குபவர் குறைவு. அலை அதிகமான நாளில் அந்தச் சேவையே நின்று, பயணிகளை மேலே சொன்ன தீவு வழியில்தான் அனுப்புவார்கள். மிச்சமாகும் நேரத்தைவிடக் குறைந்த செலவும் கலங்காத வயிறும் மேல்.

மோரோவில் கார் கிடையாது. துறையிலிருந்து மேட்டில் ஏறும் வழியில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் ‘டாக்சி’ என்று எழுதிவைத்துச் சாமான் சுமக்கிறார்கள். இரவுக் கொண்டாட்டம் விரும்பாதவர் அங்கே ஒரு நாள் மட்டும் இருந்துவிட்டு, அடுத்த தீவான போய்பேபாவுக்குப் போய்விடலாம். பிறகு வலென்சா திரும்பிக் கமமுவுக்குப் பேருந்து. கமமுவிலிருந்து அகன்ற விரிகுடாவில் படகேறிப் பாரா கிராண்டே. மீண்டும் கமமு வந்து இட்டகரே, கோக்கோவால் செழித்த இல்யேவுஸ், அங்கிருந்து போர்ட்டோ செகுரோ. 1500 ஏப்ரல் 22 அன்று போர்த்துகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் இந்தப் பக்கத்தில் பஸ்கோல் மலையைக் கண்டுதான் கரை சேர்ந்தன. அந்தக் கப்பல்கள் கிளம்பியது கள்ளிக்கோட்டைக்கு. அவற்றில் எஞ்சியவை அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே போய்ச் சேரவும் செய்தன. போர்ட்டோ செகுரோவில் ஆற்றைக் கடக்கும் படகு, பிறகு அராயல் தஜூடாவிலிருந்து மண்சாலையில் பேருந்து, கடைசியில் துடுப்புத் தோணியில் ஆறு கடந்து கராயீவா. 2007 வரை மின்சாரம் இல்லாதிருந்த, இன்றும் மணல் தெருக்களே உள்ள ஊர் அது. அதைச் சுற்றிப் பட்டாஷோ பழங்குடியினரின் ஊர்கள் இருக்கின்றன.

உணவைப் பொறுத்தவரையும் பாயீயா நமக்கு மற்ற இரண்டையும்விட நெருக்கமானது. தட்டைப்பயற்றை ஊறவைத்து அரைத்து, வெங்காயம் சேர்த்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் அக்கராஜே நம் வடைக்கு உறவு என்று நாக்கு உடனே சொல்லிவிடும். மீனும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மொக்கேக்காவும் அந்நியமாகத் தோன்றாது. சைவ உணவினர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: அக்கராஜேயின் நடுவே வைக்கும் வட்டாப்பாவிலும் உலர்ந்த இறால் கலந்திருக்கும். மரவள்ளி மாவில் சுட்டுத் தேங்காய்த் துருவலும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தரும் தப்பியோக்காவே அவர்களுக்கு நம்பகமான காலை உணவு. வடகரையிலும் அது கிடைக்கும்.

பாயீயாவின் குறை தொலைவும் மழைமாதமும். சாவோ பாவுலோவிலிருந்து சால்வடோருக்குப் பேருந்தில் ஒன்றரை நாள் ஆகும் என்பதால், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் உள்நாட்டு விமானத்தை ஏற்கத்தான் வேண்டும். திரும்பும்போது போர்ட்டோ செகுரோவிலிருந்தே சாவோ பாவுலோவுக்கு விமானம் இருப்பதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஐரோப்பாவில் வாழும் தமிழருக்கு இந்தக் குறையே இல்லை. லிஸ்பனிலிருந்து சால்வடோருக்கும் ஃபோர்த்தலேசாவுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. சால்வடோரில் ஏப்ரல் முதல் ஜூலை வரை மழை மிகுதி. ஜூன் 24 சாவோ ஜோவாவோ திருவிழாவை ஒட்டி ஊருக்குப் போவோர் கூட்டத்தில் பேருந்துச் சீட்டுகள் தீர்ந்துவிடும். இருட்டிய பிறகு பெருநகரப் பேருந்து நிலையங்களில் இறங்குவதைத் தவிர்ப்பது மூன்று கரைகளுக்கும் பொதுவானது என்றாலும், சால்வடோரில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

எந்தக் கரைக்குப் போனாலும் பொருந்தும் சில செய்திகள் உண்டு. பேருந்துச் சீட்டை இணையத்தில் வாங்கும்போது பல தளங்கள் ‘சி.பி.எஃப்.’ என்ற பிரேசில் வரி எண்ணைக் கேட்கும். அது இல்லாதவர் பேருந்து நிலையச் சாளரத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம்; ஏறும்போதும் அதைக் காட்ட வேண்டும். 2020-இல் வந்த ‘பிக்ஸ்’ என்ற உடனடிப் பணமாற்று முறை, நம் யு.பி.ஐ. போல, தோணிக்காரர் வரை பரவிவிட்டது. உள்நாட்டு வங்கிக் கணக்கில்லாத நமக்கு அது எளிதில் வாய்க்காது என்பதால், தீவுகளுக்கும் அட்டின்ஸ், கராயீவா போன்ற ஊர்களுக்கும் போகும் முன் போதிய ரொக்கத்தை நகரத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். இரவுப் பேருந்தில் ‘லெய்ட்டோ’ என்ற படுக்கும் இருக்கைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல. ஓர் இரவு விடுதிக் கட்டணம் மிச்சமாகிறது. குளிரூட்டி கடுமையாக இருக்கும், போர்வை கையில் இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பிரேசிலில் நோய் வரக்கூடும் என்பது ஒரு காரணம். பிரேசிலை விட்டுப் புறப்பட்ட ஆறு நாளுக்குள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்புகிறவரை விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தக்கூடும் என்பது மற்றொன்று. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அதைப் போடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, விடுப்பு ஜூலை முதல் செப்டம்பர் வரை அமைந்து, கூட இரண்டு மூன்று பேர் இருந்தால் நான் தயங்காமல் வடகரைக்கே போவேன். நிறைந்த குளங்களுக்கு ஈடு இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் மட்டுமே உள்ளவர், அல்லது சிறு பிள்ளைகளோடு வருபவர், ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் பச்சைக் கரைக்குப் போகலாம். மற்ற எல்லாருக்கும், குறிப்பாக முதன்முறையாகவும் தனியாகவும் வருபவருக்கு, என் பரிந்துரை பாயீயா; அதிலும் அக்டோபர், நவம்பர் மாதங்கள். மழை குறைந்திருக்கும், டிசம்பர் இறுதியில் தொடங்கும் விடுமுறைக் கூட்டமும் விலையேற்றமும் வந்திருக்காது. சால்வடோரில் நான்கு நாள், போய்பேபாவில் ஐந்து, பாரா கிராண்டேயிலும் இட்டகரேயிலும் ஆறு, மிச்சத்தைக் கராயீவாவுக்கு என்று வகுத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் அமர வேண்டிய நாள்கள் ஒன்றிரண்டே வரும்.